பாங்கு நேரத்து அரை மாத்திரை

வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மாத்திரையைப் பாதியாக்குவது எப்படி என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நடுவில் கோடு இருந்தால் உடைக்கலாம், மேலே பூச்சு இருந்தால் கேட்காமல் கை வைக்கக் கூடாது, கேப்சூலைத் திறக்கவே கூடாது. அதையெல்லாம் நான் மறுபடி ஒப்பிக்கப்போவதில்லை. ஓய்வு பெற்ற நர்ஸ் நான், ஒப்பிக்கச் சொன்னால் பாதியில் தூங்கிவிடுவேன்.

நான் கேட்பது வேறு. மறதி நோய் வந்த ஒருவருக்கு அரை மாத்திரை கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதுகிறார். அரை அவர் வாய்க்குள் போகிறது, மீதி அரை எங்கே போகிறது? இந்தக் கேள்விக்குப் பாதி வீடுகளில் பதில் இருக்காது. டப்பா மூடியில் கிடக்கும், தலையணைக்கு அடியில் கிடக்கும். தி. நகரில் ஒரு வீட்டில் அது குங்குமச் சிமிழுக்குள் பத்திரமாக இருந்தது. நல்ல இடம்தான், யாரும் நெற்றியில் வைத்துக்கொள்ளாத வரைக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது மயிலாப்பூரில் நடந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபமும் அழுகையும் சேர்ந்தே வரும்.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாஸ்டர் பாய் வீடு. மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, தையல் கடையில் துணி வெட்டுகிறவர். தி. நகரில் ஒரு பெரிய கடையில் வேலை செய்த காலமெல்லாம் கத்தரி பிடித்தவர். அவர் மனைவி ஹாஜிரா அம்மாவுக்குத்தான் மறதி நோய். ஒரே மகள் ஷமீம் திருவான்மியூரில் மாமியார் வீட்டோடு இருந்தாள். தேனாம்பேட்டையில் அலுவலகம், வாரக் கடைசியில் மயிலாப்பூர், மீதி நேரம் போன் என்று ஓடிக்கொண்டிருந்தவள்.

ஹாஜிரா அம்மா பகலில் சாதுவாக இருப்பார். வெயில் இறங்கினதும் ஒரு பதற்றம் வந்துவிடும். சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுவார். கதவைத் திறந்துகொண்டு மெயின் ரோட்டுக்கே போய்விடுவார். பஸ் வரும் பாதையில் நின்றவரை ஒருமுறை பூக்காரம்மா கையைப் பிடித்து அழைத்துவந்திருக்கிறார். அதற்குத்தான் டாக்டர் மாலையில் அரை மாத்திரை எழுதினார். அந்த அளவில் முழு மாத்திரை அந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை, அதனால் உடைத்துத்தான் ஆக வேண்டும்.

மாஸ்டர் ஒரு நாளும் தவறவில்லை. மறந்துவிடக் கூடாது என்று பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தை மாத்திரைக்கு வைத்துக்கொண்டார். நான் காலை வேளைகளில் போய் பிரஷரும் சுகரும் பார்த்துவிட்டு வருவேன். கொஞ்ச நாளில் ஹாஜிரா அம்மா அடங்கிவிட்டார். ரோட்டுக்குப் போவது நின்றது. நாங்கள் எல்லோரும் அப்பாடா என்று உட்கார்ந்தோம்.

உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் மாஸ்டர் தடுமாற ஆரம்பித்தார். இரவுத் தொழுகைக்குப் போனவர் பள்ளிவாசல் படியில் சறுக்கினார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். பாத்திரம் கருகிப் புகை மண்டி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஷமீம் போன் செய்தால் வாய் குழறியது. கடைசியில் குளியலறையில் விழுந்து நெற்றியில் தையல் போட்டார்கள். மறுநாள் காலையில் நான் போனபோது கண்ணாடியில் அந்தத் தையலைப் பார்த்துக் கோணல் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷமீம் எனக்குப் போன் செய்து அழுதாள். “அத்தாவுக்கும் ஆரம்பிச்சிடுச்சு சிஸ்டர்,” என்றாள். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு இடம் சொல்லிவைத்திருந்தாள். திங்கட்கிழமை கொண்டுபோய் விட வேண்டும். அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போவாள். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள முடியாது, அது நாலாவது மாடி, பகலில் வீட்டில் இருப்பது முழங்கால் வலிக்கார மாமியார் ஒருவர்தான், அம்மா வெளியே நடந்தால் பிடிக்க ஆள் கிடையாது. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என்னிடம் அவள் கேட்டது, மாஸ்டரால் இனிமேல் மனைவியைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று டாக்டரிடம் நான் சொல்ல வேண்டும் என்பதுதான். நான் சொன்னால் டாக்டர் ஒத்துக்கொள்வார், ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

எனக்கும் மாஸ்டரால் முடியாது என்றுதான் பட்டது. ஆனால் அந்த வாரம் காலையில் போனபோது அவர் என் ரவிக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “யாரு சிஸ்டர் இத தெச்சது? கை இஸ்துக்கினு கீது. எட்துனு வாங்க, பிரிச்சு சரிபண்ணித் தரேன்,” என்றார். சொன்னது உண்மை, அந்தக் கை எனக்குப் பல நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. மனைவிக்கு எந்த வேளைக்கு எந்த மருந்து என்று கேட்டேன், பிசிறில்லாமல் சொன்னார். இந்த மனிதருக்கா மறதி என்று யோசனையோடு படியிறங்கினேன்.

நான் முதலில் வேலை கற்ற வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். மகா கோபக்காரர். பகல் டியூட்டிக்காரி ஒரு நோயாளியின் ராத்திரியைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “நீ இருந்து பாத்தியா? பாக்கலல்ல? அப்ப வாய மூடு,” என்பார். அவரிடம் வாங்கிய வசவுகளில் இது ஒன்று மட்டும் எனக்குச் சோறு போட்டிருக்கிறது. ஷமீமிடம், ஒரு மாலை நேரம் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றேன். அம்மாவுக்கும் மாலையில்தானே ஆரம்பித்தது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் தெரியாமல்தான் சனிக்கிழமை மாலை கிளம்பிப் போனேன்.

ஹாஜிரா அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சின்னத் தட்டு, ஒரு டம்ளர் தண்ணீர். மாஸ்டர் மாத்திரையை எடுத்துப் பழைய கத்தரியின் வாயில் வைத்து ஒரே அமுக்கு அமுக்கினார். இரண்டு பாதியும் அளவெடுத்த மாதிரி விழுந்தன. இரண்டையும் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, பிறகு பேசலாம் என்பதுபோல் கையைக் காட்டினார்.

பாங்கு ஒலித்தது. ஹாஜிரா அம்மா உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். ஒரு பாதியை எடுத்து மாஸ்டர் வாய்க்கு நேரே நீட்டினார். மாஸ்டர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், பிறகு வாயைத் திறந்தார். அம்மா அதை அவர் நாக்கில் வைத்துவிட்டு, மற்றொரு பாதியைத் தான் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்து, டம்ளரை அவரிடம் கொடுத்தார். மாஸ்டர் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பிறகு துப்பிவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

சமையலறைக்குள் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே என்றார். பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஒரு நோன்பு மாதம். ஒரு நாள் வீட்டில் ஒரே ஒரு பேரீச்சம்பழம்தான் இருந்தது. பாங்கு சொன்னதும் அதைப் பிட்டு ஆளுக்குப் பாதி சாப்பிட்டு நோன்பு திறந்திருக்கிறார்கள். வசதி வந்து பெட்டி பெட்டியாகப் பழம் வாங்கிய காலத்திலும் முதல் பழத்தை அப்படித்தான் பிட்டுக்கொண்டார்கள். மாஸ்டருக்குப் பாதியை ஊட்டிய பிறகுதான் ஹாஜிரா அம்மா தன் பாதியைத் தொடுவார். அம்மாவுக்குச் சுகர் ஏறுகிறது என்று ஷமீம் வீட்டிலிருந்த இனிப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போனபோது பேரீச்சம்பழமும் போய்விட்டது. அந்த இடம் காலியாக இருந்தது. பாங்கு நேரம், தட்டு, அதில் இரண்டு பாதி என்று மாத்திரை அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. ஹாஜிரா அம்மாவின் நினைப்பில் அப்போதெல்லாம் தினமும் நோன்புதான்.

முதல் நாள் மாஸ்டர் இது மாத்திரை, எனக்கு வேண்டாம் என்று சொல்லிப்பார்த்திருக்கிறார். அம்மா தன் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் சாப்பாட்டையும் தொடாமல் படுத்துவிட்டார். அடுத்த நாள் மாஸ்டர் வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்த் துப்பினார். அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். அதற்கடுத்த நாளிலிருந்து இவர் விழுங்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. “இது உங்களுக்கு எழுதின மருந்து இல்ல மாஸ்டர். நீங்க விழுந்ததே இதாலதான் இருக்கும்,” என்றேன்.

“தெரியும் சிஸ்டர்,” என்றார்.

நீங்கள் விழுந்து கிடந்தால் அவரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அவர் அடுப்பு மேடையைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார்.

“எம்பேரு மறந்துட்டா. பெத்த பொண்ணு பேரும் மறந்துட்டா. இன்னா மாசம், இன்னா கெழமன்னு ஒண்ணும் தெரியாது அவளுக்கு. பாதி எனக்குன்றது மட்டும் மறக்கல சிஸ்டர். அத போயி நான் எப்டி வாணான்னு சொல்றது?”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஷமீமிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொன்னால் அம்மாவைக் கூட்டிப்போய்விடுவாள் என்றார். என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

இங்கேதான் கவனிக்கச் சொல்கிறேன். மனம் இளகுகிற நேரத்தில்தான் நம் வேலை சறுக்கும். மறைக்கிறேன் என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் மறுபடி விழுந்திருப்பார், அந்த முறை நெற்றியோடு போயிருக்காது. நேரே மகளிடம் போய்க் கொட்டியிருந்தால், பொய் சொன்னார் என்ற கோபத்திலேயே அவள் அம்மாவை வண்டியில் ஏற்றியிருப்பாள். யாரிடம் சொல்வது என்பது மட்டும் போதாது, எந்த வரிசையில் சொல்வது என்பதும் நாம் யோசிக்க வேண்டியது. என்னால் மறைக்க முடியாது என்று மாஸ்டரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சந்துக்கு வந்து முதலில் டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்டார். பிறகு, மாஸ்டர் இனி ஒரு துளிகூட அதைத் தொடக் கூடாது, திங்கட்கிழமை நேரில் அழைத்துவாருங்கள் என்றார். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது ஞாபகத்தைச் சோதிப்பதில் அர்த்தமில்லை, ஒரு வாரம் போகட்டும் என்றும் சொன்னார். அம்மாவின் அளவை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஷமீம் வந்தபோது மாஸ்டரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள். “இத மறைச்சவரு நாளைக்கு இன்னொண்ண மறைக்க மாட்டாரா சிஸ்டர்? அடுப்ப அணைக்காம தூங்கினாருல்ல, அம்மா உள்ளதான இருந்தாங்க?” அவள் கேட்டதை நானும் ராத்திரி முழுக்க எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சொல்வது சரிதான் என்றேன். மருந்து இறங்கின பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க ஒரு வாரம் மட்டும் கொடு என்று கேட்டேன். அவள் இல்லத்துக்குப் போன் செய்து அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தாள். அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை எனக்குத் தோன்றிய எளிய வழியைச் செய்துபார்த்தோம். மாத்திரையை முன்னாலேயே உடைத்து ஒரு பாதியை மட்டும் தட்டில் வைத்தோம். ஹாஜிரா அம்மா தட்டைத் தூக்கி அடியில் தேடினார், பாயைப் புரட்டினார், மாஸ்டரின் கையை விரித்துப் பார்த்தார். பிறகு அந்த ஒரு பாதியையும் மாஸ்டர் வாயில் வைக்கப் போனார். மாஸ்டருக்கென்று ஒன்று வேண்டும், இல்லையென்றால் அம்மா இருப்பதையும் கொடுத்துவிடுவார். வழி எனக்கு அப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமை டாக்டரிடம் மாஸ்டரைக் காட்டிவிட்டு, அம்மாவுக்கு மாலையில் அரைப் பேரீச்சம்பழம் கொடுக்கலாமா என்று கேட்டேன். சுகர் எண்களைப் பார்த்துவிட்டு, காலை டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கொடுங்கள் என்றார். மாத்திரையைப் பழத்துக்குள் ஒளித்துக் கொடுக்கலாமே என்று சிலர் நினைப்பீர்கள். வேண்டாம். அம்மா பிட்டுக் கொடுக்கிற பழம், எந்தப் பாதி யாருக்குப் போகும் என்று யார் கண்டார்கள்?

செய்தது இவ்வளவுதான். பாங்கு நேரத்துக்குத் தட்டில் ஒரு பழம். அம்மா பிட்டு ஊட்டினார், தானும் சாப்பிட்டார். மாஸ்டர் தொழுதுவிட்டு வந்து, சாப்பாட்டோடு அரை மாத்திரையைக் கொடுத்தார். நோன்பு திறந்தாகிவிட்டது, இனி மாத்திரை வெறும் மாத்திரைதான். அம்மா யாரையும் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். அம்மா கண்ணெதிரே எதையும் உடைக்கவில்லை, பாதிகளை நானே செய்து உலர்ந்த டப்பாவில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரத்தில் மாஸ்டரின் நடை நேரானது, பேச்சில் குழறல் போயிற்று. சனிக்கிழமை டாக்டர் சோதித்துப் பார்த்து, வயதுக்கு உண்டான மறதிக்கு மேல் ஒன்றும் இல்லை என்றார். மாலை நேரத்துக்குத் துணையாக ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று நான் ஷமீமிடம் சொன்னேன். அவள் சமாதானமாகவில்லை. “உங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் சரி சரின்னுவாரு. நான் என் கண்ணால பாக்கணும். சொல்லாம போலாம், நீங்களும் வாங்க,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போனோம். காலையில் கட்ட வேண்டிய அம்மாவின் துணிகளுக்காக ஒரு காலிப் பையும் அவள் கையில் இருந்தது. மாஸ்டர் கதவைத் திறந்தார், எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நேரே போய் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார். ஷமீம் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். அவள் பார்வை அப்பாவின் கையை விட்டு அசையவில்லை.

பாங்கு ஒலித்தது. ஹாஜிரா அம்மா பழத்தைப் பிட்டுக் கொட்டையை ஓரமாக வைத்தார். ஒரு பாதியை மாஸ்டருக்கு ஊட்டினார். தன் பாதியை வாய்க்குக் கொண்டுபோனவர், நிலைப்படியில் நிற்கும் பெண்ணைக் கண்டு நிறுத்தினார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. கையிலிருந்த பாதியைப் பார்த்தார். அதை மறுபடி இரண்டாகப் பிட்டு ஒரு துண்டை அவளை நோக்கி நீட்டினார்.

“நோன்போட நிக்கிறியே கண்ணு. இந்தா, வாய நனைச்சுக்கோ. சீக்கிரம் வூட்டுக்குப் போ, உங்கம்மா தேடிக்கினு இருப்பா.”

ஷமீம் பையைக் கீழே போட்டுவிட்டு வந்து மண்டியிட்டு வாயைத் திறந்தாள். அம்மா ஊட்டிவிட்டு, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மிச்சமிருந்த துண்டைத் தான் சாப்பிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ஷமீம் எழுந்து சந்துக்குப் போய் இல்லத்துக்குப் போன் செய்தாள். அவள் சொன்னது அந்தப் பக்கத்தில் இருந்தவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, அவள் அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தாள். மறுபடியும் நிதானமாகச் சொன்னாள்: “எங்கம்மா வரல சார். வீட்லதான் இருக்காங்க.”